கிணற்றுப் பூட்டும் பாய்காட்டும்

பண்ணையாள் கருப்பண்ணன் தோளில் துண்டோடு எதிரே நடந்துவிட்டானாம். சென்னிமலைக் கவுண்டருக்கு வந்ததே ஆத்திரம்! அவன் ஒருவனுக்காகப் பண்ணையாட்கள் தெருவுக்கே தண்டனை கொடுத்தார். தன் காட்டோரத்தில் இருந்த, அந்தத் தெரு குடிக்கும் ஒரே கிணற்றுக்குக் கதவு வைத்துப் பூட்டினார். மறுநாளிலிருந்து தெரு ஜனம் தொலைவிலிருந்த ஓடைக்கு நடந்து தண்ணீர் சுமந்தது; ஒரு குஞ்சு குளுவான்கூட வேலைக்கு வரவில்லை. கவுண்டர் காட்டில் நிலக்கடலை முற்றிக் கிடந்தது. ஒரு மழை விழுந்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும்.

ஆளுக்கா பஞ்சம் என்று மேச்சேரியிலிருந்து இரண்டு வண்டி ஆட்களை வரவழைத்தார். அங்கேதான் சறுக்கினார். பண்ணையாட்கள் எங்கே பெண் கொடுத்தார்கள், எங்கே எடுத்தார்கள் என்று அவர் என்றைக்குக் கேட்டார்? வந்தவர்களில் பாதிப் பேர் அந்தத் தெருவுக்குச் சம்பந்திகள். அக்காள் வீட்டில் களி தின்றுவிட்டு, காட்டை எட்டிக்கூடப் பார்க்காமல் ஊர் திரும்பினார்கள்.

கொதித்துப்போன கவுண்டர் நாமக்கல்லுக்குப் போய், வக்கீல் குமாஸ்தா சுப்பையனிடம் பிராது எழுதச் சொன்னார். குமாஸ்தா இங்கிலீஷில் எழுதி வாசித்ததில் ‘பாய்காட்’ என்று மூன்று தரம் வந்தது. அது என்ன எழவு என்று கேட்டார் கவுண்டர்.

“அது ஒரு ஆளோட பேருங்க,” என்றார் சுப்பையன்.

அயர்லாந்தில் ஒரு ஜமீனைப் பார்த்துக்கொண்ட வெள்ளைக்காரனாம். குடியானவர்களை நெருக்கினான். அவர்கள் அடிக்கவில்லை, வையவில்லை. வேலைக்குப் போகவில்லை, பேசவில்லை, சாமான் விற்கவில்லை. வெளியூர் ஆட்களை வைத்து, பட்டாளத்தைக் காவல் நிறுத்தித்தான் கிழங்கு தோண்டினான். விளைச்சலைவிடக் காவலுக்கே பல மடங்கு செலவு. அன்றிலிருந்து அப்படி ஒதுக்குவதற்கெல்லாம் அவன் பெயரே நிலைத்துவிட்டது. இப்போது சீமைத்துணிக்கும் கள்ளுக்கடைக்கும்கூட அந்தச் சொல்தான்.

“அப்பறம் அவன் என்ன ஆனான்?”

“ஊரை உட்டே போயிட்டானுங்க. கப்பலேறிட்டான்.”

“அவனுக்குச் சீமை இருந்துச்சு, போனான். நான் எங்கய்யா போறது?” என்றார் கவுண்டர். பிராதில் கையெழுத்துப் போடாமல் எழுந்தார்.

அன்று சாயங்காலமே கிணற்றைத் திறந்துவிட்டார். தெரு ஜனம் குடங்களோடு நின்றது, ஒருவரும் அசையவில்லை. கருப்பண்ணன் பெண்சாதி அத்தாயி மட்டும் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

“சாவி எங்ககிட்ட இருக்கட்டுங்க. காலையில காட்டுக்கு வாரோமுங்க.”

கவுண்டருக்கு அவளை அறைய வேண்டும்போல் கை துறுதுறுத்தது. மேற்கே மேகம் கறுத்திருந்தது. சாவியை அவள் காலடியில் விட்டெறிந்தார். அத்தாயி குனியவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை. தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு கவுண்டர் குனிந்தார். சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.