ஓசைக்குப் போர்த்திய பொன்னாடை

எங்கள் ஊரில் வெடிப்பு எவ்வளவு பெரிதோ, அதன் ஓசை அவ்வளவு தாமதமாக வரும். பட்டாசு என்றால் உடனே கேட்டுவிடும். குவாரியில் வெடி வைத்தால் மறுநாள் காலை பல் துலக்கும்போது கேட்கும். நானூறு வருடங்களுக்கு முன்னால் வானத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது. அதன் ஓசை போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து சேர்வதாக இருந்தது.

அதற்காகத்தான் நான் பதினோரு வருடமாக ஒரு சிற்பம் செய்துகொண்டிருந்தேன். பந்தி இலை அளவிலிருந்து வெற்றிலை அளவு வரை செப்புத் தகடுகள். கலா மன்ற ஹாலின் கூரையிலிருந்து கம்பி கட்டித் தொங்கவிட்டிருந்தேன். ஒவ்வொன்றையும் அரம் போட்டுத் தேய்த்துச் சுதி சேர்த்தது நான்தான். நட்சத்திரம் எந்த வரிசையில் உடைந்ததோ, அதே வரிசையில் ஓசை தகடு தகடாகத் தாவி ஹால் முழுக்க உடைய வேண்டும். பிறகு அது ஊரைத் தாண்டிப் போய்விடும், திரும்ப வராது. எனக்கு அதை ஒரே ஒரு முறை கேட்க வேண்டும். வேறு ஆசை எதையும் நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஓசை சொன்ன நேரத்துக்கு வந்தது. வாசலில் நின்ற ஸ்கூட்டர்களின் கண்ணாடிகள் அதிர்ந்தன. கதவைத் திறக்க ஓடினேன். மன்றச் செயலாளர் கண்ணபிரான் குறுக்கே வந்து நின்றார்.

"மேடம், ஐயா இன்னும் வரலையே. தலைமை விருந்தினர் இல்லாம எப்படி ஆரம்பிக்கிறது?"

"ஓசை காத்திருந்தா தேஞ்சு போயிடும் சார்."

"கிளம்பிட்டாராம். பக்கத்துலதான் வந்துட்டிருக்கார்."

அப்படிச் சொன்னால் அவர் இன்னும் குளிக்கவே இல்லை என்று அர்த்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணபிரான் ஓசையை மரியாதையாக உள்ளே அழைத்து, முன்வரிசையில் உட்காரவைத்து, காபி கொடுக்கச் சொன்னார். டம்ளரில் காபி வட்டம் வட்டமாக நடுங்கியது. நாற்காலியின் திருகாணிகள் கழன்று விழுந்தன. அவ்வளவு பலம் அப்போது அதற்கு இருந்தது.

ஐயா வந்தபோது காபியில் ஏடு படிந்திருந்தது. ஏடு அசையவில்லை.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். வரவேற்புரை முடிந்ததும், வரவேற்கப்பட்டவர்கள் எழுந்து வரவேற்புரையைப் பாராட்டினார்கள். பிறகு பொன்னாடை. ஐயாவுக்கு, ஐயாவின் மைத்துனருக்கு, மைக் செட்காரருக்கு. ஓசைக்கும் நாற்காலியோடு சேர்த்து ஒன்று போர்த்தினார்கள். இன்னும் நிறைய மிச்சமிருந்ததால், ஏணி போட்டு ஏறி என் தகடுகளுக்கெல்லாம் போர்த்தினார்கள். துணி சுற்றிய செம்பு ஒலிக்காது. இதைக்கூடவா ஒருவர் சொல்லித்தர வேண்டும்? நான் ஒன்றை உருவி எறிந்தேன். கண்ணபிரான் அதைப் பொறுக்கி, தூசு தட்டி, மறுபடி போர்த்தினார்.

"போர்த்தினதை எடுக்கக் கூடாது மேடம். ஐயா தப்பா நினைப்பார்."

ஐயா தன் மூத்த மகள் கல்யாணம் நடந்த விதத்தைப் பற்றி விரிவாகப் பேசினார்.

நன்றியுரைக்கு முன்னால் ஓசைக்கு ஒரு நிமிடம் ஒதுக்கப்பட்டது. அது எழுந்து, பொன்னாடை தரையில் இழுபட, தகடுகளுக்கு நடுவே போனது. பக்கத்து வீட்டில் யாரோ ஸ்பூனைக் கீழே போட்டதுபோல் ஒன்று கேட்டது. ஒரு முழு நட்சத்திரம், அவ்வளவுதான். பிறகு ஜன்னல் வழியாக வெளியேறிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"நல்லாருந்துச்சும்மா," என்றார் ஐயா. "இன்னும் கொஞ்சம் சத்தமா வெச்சிருக்கலாம்."

நான் எழுந்து நின்று கத்தினேன். பதினோரு வருடத்தையும் சேர்த்து வைத்துக் கத்தினேன். என் முகத்திலிருந்து அடித்த வெளிச்சத்தில் முன்வரிசைக்காரர்கள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்கள். சத்தம் மட்டும் வரவில்லை. கண்ணபிரான் வெளிச்சத்தைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார்.

"அறுநூறு வருஷம் ஆகும் மேடம்," என்றார்.

மறுநாள் மன்றத்துக்குப் போய் அந்தத் தேதிக்கு ஹாலைப் பிடித்துவைத்தேன். பொன்னாடை கூடாது, தலைமை விருந்தினர் அறவே கூடாது, கதவை நான்தான் திறப்பேன் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

கண்ணபிரான் சங்கடமாக நெளிந்தார்.

"ஐயாகிட்ட சொல்லிட்டேனே மேடம். கிளம்பிட்டாராம்."