நான்காவது துடிப்பு

1

இந்தக் கதை எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. என் மனைவி மயக்க மருத்துவர். அன்று தட்டைப் பார்த்தபடியே, "நாலாவது துடிப்புக்காக எல்லாரையும் நிக்க வெச்சேன்," என்றாள். பிறகு ரசம் ஊற்றிக்கொண்டாள். எங்கள் வீட்டில் பேச்சு அப்படித்தான் நடக்கும்.

2

முதல் தொடக்கம்: 'அறுவை அரங்கின் விளக்கு நிலவைப் போல...' வேண்டாம். அங்கே நிலவுக்கு வேலையில்லை.

இரண்டாவது: ஒரு பஸ் ஓட்டுநருக்கு வயிற்றில் அறுவை முடிந்து தையலும் போட்டாயிற்று. வயிறு இறுகாமல் இருக்க, தசைகளைத் தளர்த்தும் மருந்தை என் மனைவி கொடுத்திருந்தாள். அது மூச்சுத் தசைகளையும் விட்டுவைக்காது. அதனால்தான் தொண்டையில் குழாய். இப்போது அந்தத் தளர்வை முறிக்கும் மருந்தை ஏற்றிவிட்டு, அவருடைய கட்டைவிரலைப் பார்த்து நின்றாள். மணிக்கட்டில் ஒட்டிய கம்பி மெல்லிய மின்சாரத்தால் நான்கு முறை சுண்டியது. விரல் மூன்று முறை துள்ளியது. நான்காவது சோம்பல்; தளர்வு இன்னும் முழுதாக விலகவில்லை.

(முறிவு மருந்து தளர்த்தும் மருந்தைக் கட்டியணைத்து இழுத்துப் போவதாக எழுதியிருந்தேன். "அது வேற மருந்து, அன்னைக்கு இருப்பு இல்ல. இது மெதுவாத்தான் கேக்கும்," என்று அந்த வரியை அடித்துவிட்டாள்.)

"தானா மூச்சு இழுக்கறாரேம்மா, குழாயை எடுங்க. அடுத்த கேஸ் காத்திருக்கு," என்றார் அறுவை மருத்துவர்.

"இழுக்கறாரு சார். எடுத்தப்புறம் தொண்டை தாங்கணுமே."

"என்ன, கைரேகை பாக்கறீங்களா?"

"ஆமா சார். ஆயுசு கெட்டின்னு வருது. கொஞ்சம் பொறுங்க."

3

இங்கே ஒரு துயரத்தைச் செருகினேன். அவள் இணங்குகிறாள். குழாய் வெளியே வருகிறது. ஓட்டுநரின் உதடுகள் நீல—

படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "நான் நிக்கிற ரூம்ல இது நடக்காது. வேணும்னா கதையில மயக்க டாக்டரை மாத்திக்கங்க."

எழுதுகிறவனுக்குக் கோபம் வந்தது. கணவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

4

ஆகவே: நான்காவது துடிப்பு கருவியின் திரையில் முதலாவதன் உயரத்துக்கு எழுந்தது. "அண்ணே, தலையைத் தூக்குங்க." தூக்கினார். குழாயை உருவினாள். இருமிவிட்டு, "தண்ணி," என்றார்.

வெளியே ஓட்டுநரின் மனைவி அறுவை மருத்துவரின் கையைப் பிடித்து அழுது, நன்றி சொல்லி முடித்துவிட்டார். அதன்பின் தொப்பியைக் கழற்றியபடி வந்த என் மனைவியை அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"                    "

என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் எழுதினால், பெண்டாட்டி பெருமை பேசுகிறான் என்பீர்கள். நீங்களே எழுதுங்கள். அவசரமில்லை. அவளுக்குக் காத்து நிற்கத் தெரியும்.