தகப்பன் பேர்

லண்டன் மோர்டனிலிருந்து ஜதுர்ஷிகா காரை எடுத்தாள். பின் சீற்றில், கல்யாண மாப்பிள்ளைக்குப் போடுவது போல ஒரு பெரிய ரோஜா மாலை. முன் சீற்றில், கோட்டுக்கு மேல் கோட்டுப் போட்டு, கம்பளித் தொப்பியைக் காது வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு, அப்பாவைப் பெற்ற அப்பப்பா வல்லிபுரம். எண்பது வயது தாண்டி முதல் தடவையாக விமானம் ஏறி வந்த மனுசன், வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும் முன்னமே கேட்டது இதைத்தான்.

"எப்ப பிள்ளை அவனிட்டைப் போறது?"

அவன் என்றால் ஜதுர்ஷிகாவின் அப்பா ஞானேஸ்வரன். பிரிட்டிஷ் ஆர்மியில் கோப்ரலாக இருந்து, ஆப்கானிஸ்தானில் குண்டு வெடித்துச் செத்துப்போனவர். அவளுக்கு அப்போது ஏழு வயது. லண்டன் புறநகரில், படைவீரர்களுக்கென்று ஒதுக்கிய சவக்காலையில் கிடக்கிறார்.

சைவக் குடும்பத்தில் செத்த ஆளை எரிக்காமல் மண்ணுக்குள் தாட்டது அப்பப்பாவின் சொல்லுக்காக. செய்தி போன அன்றைக்கு ஊரில், கரவெட்டியிலிருந்து போனில் அழுதபடியே மருமகள் வேதவல்லியிடம் சொன்னார்: "எரிச்சுப்போடாதேங்கோ பிள்ளை. எரிச்சுச் சாம்பலைக் கரைச்சா, நான் எங்கை போய் அவனைப் பாக்கிறது? தாட்டு வையுங்கோ. நான் வருவன்." சொந்தக்காரர் முகத்தைச் சுளித்தார்கள், ஆளுக்கொரு நியாயம் சொன்னார்கள். வேதவல்லி ஒருத்தரின் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாமா வருவார் என்றாள், தாட்டாள்.

மாமா வருவதற்குத்தான் இவ்வளவு காலம் ஆகிவிட்டது. விசா கிடைக்கவில்லை. பிறகு கொரோனா. பிறகு கண்ணில் வெள்ளை படர்ந்து, அதற்கு ஒரு ஆப்பரேஷன். "மகனைப் பாக்கப் போற கண்" என்று டொக்டரிடம் சொல்லிச் செய்வித்தாராம். வேதவல்லிக்கு அதைக் கேட்டதும் பகீர் என்றது. மாமாவுக்குக் கண் மங்கலாகவே இருந்திருக்கக் கூடாதா என்று அவள் கடவுளோடு சண்டை பிடித்தாள். பாவம், அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

விஷயம் ஞானேஸ்வரனின் தலைமாட்டில் நாட்டிய கல்லில் இருந்தது. எங்கள் ஆட்களுக்கு மட்டும் வரக்கூடிய வில்லங்கம் அது. தொண்ணூறுகளில் ஹீத்ரோவில் வந்து இறங்கிய பெடியன் ஞானேஸ்வரனிடம் அதிகாரி சர்நேம் என்னவென்று கேட்டிருக்கிறார். மொழிபெயர்க்க வந்த அண்ணை, "தம்பி, தேப்பன்ரை பேரைக் கேக்கினம், சொல்லும்" என்று எடுத்துக் கொடுத்தார். அவன் சொன்னான். முடிந்தது கதை. அன்றிலிருந்து இந்த நாட்டுக்கு அவன் மிஸ்டர் வல்லிபுரம். ஆர்மியிலோ சர்நேம் மட்டும்தான் பேர். கூட்டாளிமார் அதையும் வெட்டி வல்லி ஆக்கினார்கள். அவர்கள் வாசலில் நின்று "வல்லி!" என்று கத்த, வேதவல்லி தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஈரக் கையோடு ஓடி வருவாள். அந்த வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமில்லாத காலம் அது.

கல் நாட்டிய அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஞானேஸ்வரன் என்ற பேர் அதில் இல்லை. ஜீ என்று ஒற்றை ஆங்கில எழுத்து, அதற்குப் பக்கத்தில் பெரிதாக வல்லிபுரம். அழுது வீங்கிய கண்ணோடு கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்ட வேதவல்லி, கல்லைக் கண்ட பிறகுதான் விழித்தாள்.

"உயிரோடை இருக்கிற மனுசன்ரை பேர் சவக்காலைக் கல்லிலை" என்று மகளிடம், சவக்காலைக்குப் புறப்பட்ட அன்று காலையும் சொன்னாள். "கண்டா அந்த இடத்திலேயே நெஞ்சு வெடிச்சுப் போயிடுவார். நீ போன உடனை பேர் மறையிற மாதிரி மாலையைப் போடு. கும்பிட்டவுடனை ஆளைக் கூட்டிக்கொண்டு வந்திடு."

"நீங்களும் வாங்கோவன் அம்மா."

"எனக்கு ஷிப்ட்" என்றாள் வேதவல்லி. ஷிப்ட் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

சவக்காலையில் காற்று முகத்தில் அறைந்தது. பச்சைப் புல்லில் வெள்ளைக் கற்கள் வரிசை வரிசையாக நின்றன. அப்பப்பா அந்த வரிசைகளை வாயைப் பிளந்து பார்த்தார்.

"இவ்வளவு பேரோ, பிள்ளை?"

"ஓம் அப்பப்பா. நீங்கள் இந்த வாங்கிலை கொஞ்சம் இருங்கோ. நான் போய்த் துடைச்சிட்டுக் கூப்பிடுறன்."

அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மாலையோடு ஓடினாள். ரோஜாக்களை இழுத்து, மடித்து, கல்லின் தோளில் சரிபார்த்துப் போட்டாள். ஒரு எழுத்தும் வெளியே தெரியவில்லை. அப்பாவின் பேரை ஒளித்து வைப்பதற்கா நான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று அவளுக்குத் தன்மீதே வெறுப்பாக இருந்தது. இருந்தாலும், பதினாறு வருஷம் காத்திருந்து வந்த கிழவன் மகனைப் பார்க்க வந்த இடத்தில் தன் சாவைப் பார்த்துவிட்டுப் போகக் கூடாது.

அப்பப்பா வந்தார். கல்லின் தலையில் கையை வைத்தார். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தடவுவது போல மெல்லத் தடவினார்.

"வந்திட்டனடா ராசா" என்றார். "கனகாலம் காக்க வைச்சிட்டன்."

அவருடைய தோள் குலுங்கியது. ஜதுர்ஷிகா அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். அழுகை ஓய்ந்ததும் சட்டைப் பையிலிருந்து, கடதாசியில் மடித்த விபூதிச் சரையை எடுத்து, கல்லின் உச்சியில் மூன்று விரலால் பூசினார். அவளுக்கும் நெற்றியில் பூசிவிட்டார். தப்பிவிட்டோம் என்று அவள் நினைத்தாள்.

"போவமே அப்பப்பா? நல்லாக் குளிருது."

"பொறு பிள்ளை. இந்த மாலையை ஒருக்கா விலத்து."

"ஏன் அப்பப்பா?"

"அவன்ரை பேரை வாசிக்கவேணும். நான் வைச்ச பேர். சாத்திரியார் சொன்ன ஒண்டும் எனக்குப் பிடிக்கேல்லை. ஒரு கிழமை யோசிச்சு நான் வைச்சது."

"பூவெல்லாம் கொட்டுப்படும்."

"கொட்டுப்படட்டும்."

அவள் அசையவில்லை. அவரே குனிந்து மாலையை ஒதுக்கினார். புதுக் கண் நன்றாகவே வேலை செய்தது. கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர், ஆங்கில எழுத்து அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டே போனார். விரல் கடைசி எழுத்தில் நின்றுவிட்டது. திரும்ப முதலிலிருந்து படித்தார்.

ஜதுர்ஷிகா அவர் பக்கம் குனிந்தாள். மூச்சு விடாமல் கொட்டினாள். எயார்போட், மொழிபெயர்த்த அண்ணை, சர்நேம், அம்மா போட்ட கையெழுத்து, மாலை, எல்லாம். "மாத்தலாம் அப்பப்பா. எழுதிக் கேட்டா மாத்தித் தருவினம். நான் கேக்கிறன். குறை நினையாதேங்கோ."

அப்பப்பா கோபிக்கவில்லை. நெஞ்சைப் பிடிக்கவும் இல்லை.

"ஊரிலை இருக்கேக்கை அவன் என்ரை பேரை ஒருநாளும் வாயாலை சொன்னதில்லை" என்றார் மெதுவாக. "தேப்பன்ரை பேரைச் சொல்லுறது மரியாதையில்லை எண்டு தாய் பழக்கினது. பள்ளிக்கூடத்திலை வாத்தியார் கேட்டாலும் சிலேற்றிலை எழுதிக் காட்டுவானாம். இஞ்சை வந்து அவனை இந்தப் பேராலையோ கூப்பிட்டவங்கள்?"

"ஓம் அப்பப்பா."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஒவ்வொரு நாளும்."

"கூப்பிடேக்கை அவன் ஏனெண்டு குரல் குடுத்தவனோ?"

"ஓம். வல்லிபுரம் எண்டு கத்தினா, யெஸ் சேர் எண்டு எழும்பி நிப்பாராம்."

அவருடைய முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது. ஜதுர்ஷிகாவுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்தது மாதிரி இருந்தது. அம்மா வீணாகப் பயந்தாள், வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று எண்ணினாள்.

அப்பப்பா கல்லை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"கடைசி நேரத்திலை, பக்கத்திலை ஆரும் நிண்டவையோ பிள்ளை?"

இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. பதில் அவளுக்குத் தெரியும். டேவ் என்ற கூட்டாளி ஒருநாள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிச் சொல்லி அழுததை, மாடிப்படியில் குந்தியிருந்து கேட்டவள் அவள். தனியாகச் சாகவில்லை என்று தெரிந்தால் கிழவனுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நம்பி, உள்ளதைச் சொன்னாள்.

"ஓம் அப்பப்பா. டேவ் எண்டு ஒருத்தர் மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தவர். ஹெலிகொப்டர் வர நேரமாச்சுதாம். அப்பா கண்ணை மூடப் பாத்தவராம். மூட விடாமல் டேவ் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தவராம்."

"என்னெண்டு?"

"வல்லிபுரம் எண்டுதான். பிறகு பிறகு வல்லி, வல்லி எண்டு கத்தினவராம்."

"எத்தினை மணிக்கு?"

"மத்தியானம்."

அப்பப்பா ஈரப் புல்லில் அப்படியே இருந்துவிட்டார். அவள் தூக்கப் போனாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கல்லில் இருந்த தன் பேரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னையெல்லோ கூப்பிட்டிருக்கிறான் அந்தப் பெடியன்" என்றார். "அண்டைக்கு மத்தியானம் நான் சாப்பிட்டிட்டு நல்ல நித்திரை, பிள்ளை. எனக்குக் கேக்கேல்லை."