தனியாக வந்த ஒரு ரூபாய்

சுப்புலக்ஷ்மி பூஜையறை விக்கிரகங்களுக்குப் பட்டுப் பாவாடை தைத்து ஆன்லைனில் விற்கிறாள். கரமனையில் வாடகைக்கு ஒரு வீட்டின் பின்பகுதி. அதில் ஒரு தையல் மெஷின், அவள். பாவாடையின் விலை ஐநூறு. வாங்குகிறவர்கள் ஐநூறை அனுப்பிவிடுவார்கள். பிறகு, சாமி காரியத்துக்கு இப்படி முழுத்தொகை ஆகாதே என்று நினைவு வந்து, பின்னாலேயே ஒரு ரூபாயைத் தனியாக அனுப்புவார்கள். அந்த ஒரு ரூபாயோடுதான் இரண்டு சொல்லும் வரும். ‘க்ஷேமமா இரு.’ ‘சாப்ட்டியோ?’ அவளிடம் வேறு யாரும் அதைக் கேட்பதில்லை.

நவராத்திரி நெருங்கும்போது, பணம் வந்து சேரும் ஆப் கணக்கு முடங்கியது. வீட்டு வாடகை, ஜவுளிக்கடைக்குத் தர வேண்டிய பணம், எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன. பெங்களூரிலிருந்து அண்ணன் வெங்கிடேஷ் பேசினான்.

“எல்லாத்தையும் மூடிட்டு இங்க வந்துடு. ஹால்ல ஒரு கட்டில் போட்டுத் தரேன். உன் மன்னிக்கும் சமையலுக்கு ஒத்தாசையா இருக்கும்.”

அந்த ஹாலில் எல்லாரும் டிவி பார்த்து முடித்த பிறகுதான் படுக்க முடியும்.

பேமென்ட் கம்பெனியின் உதவி எண்ணை அழைத்தாள். விபின் என்கிற பையன் பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசினான்.

“சேச்சி, இத்தனை பேர் ஒவ்வொரு ரூபாயா போட்டா, திருட்டு கார்டு வேலை செய்யுதான்னு டெஸ்ட் பண்றாங்கன்னு சிஸ்டம் நினைக்கும்.”

“அது சாமிக்குப் போடற ரூபாய்ப்பா.”

“சாமிக்கு கேஒய்சி இல்லல்லோ, சேச்சி.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் தொடர்ந்தான். சொந்தக் கணக்கின் மாத வரம்பும் தாண்டிவிட்டது. வியாபாரக் கணக்காக மாற்ற வேண்டும். அதில் வருகிற ஒவ்வொரு தொகைக்கும் இரண்டு ரூபாய் கட்டணம்.

“ஒரு ரூபா வாங்க ரெண்டு ரூபா கொடுக்கணோ, சேச்சி? அதையெல்லாம் திருப்பி அனுப்பிடுங்க. அப்பதான் கணக்கு திறக்கும், கேட்டோ.”

திருப்பி அனுப்பக் காரணம் கேட்டது ஆப். கொடுத்திருந்தவை இரண்டே: ‘சந்தேகத்துக்குரியது’, ‘தவறுதலாக வந்தது’. இரண்டாவதைத் தொட்டாள். ஒவ்வொரு பெயருக்கும் அதையே தொட்டாள். மெஷினை மிதிக்காத அந்த மத்தியானம் வெகுநேரம் நீண்டது.

சாயங்காலம் கிழக்கேகோட்டையிலிருந்து கோமதியம்மாள் கூப்பிட்டாள். ஒரே பஸ் தூரம். ஆனாலும் நேரில் பார்த்ததில்லை. மாதம் ஒரு பாவாடை வாங்குகிற மாமி.

“தவறுதலா வந்ததுன்னு திருப்பி அனுப்பிச்சிருக்கியேடி. நான் தப்பா அனுப்பலையே.”

“இல்ல மாமி, அதுக்கு ஃபீஸ் பிடிக்கறா. கணக்கையே பூட்டிட்டா.”

“ஒத்த ரூபாய்க்கா?”

“ஆமாம் மாமி.”

மாமியின் பின்னால் குக்கர் விசில் கேட்டது.

“சரி. இனிமே அனுப்பலை. உனக்குக் கஷ்டம் வேண்டாம்” என்று வைத்துவிட்டாள். கோபமாக இருந்திருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம்.

இரண்டு நாளில் அது வியாபாரக் கணக்காகத் திறந்தது. வாடகை கொடுத்தாள். அண்ணனுக்குப் போன் செய்து, வரவில்லை என்றாள். “உன் இஷ்டம்” என்றான். விலையை ஐநூற்றொன்று என்று மாற்றினாள்; ஒரே தவணையில் அனுப்பவும் என்று கீழே எழுதினாள்.

எல்லாரும் அப்படியே அனுப்பினார்கள். மாமியும் அனுப்பினாள். போன் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. அவள் தையலை நிறுத்தி, எடுத்து, தொகைக்குக் கீழே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தாள். தொகை சரியாக இருந்தது.