ஐந்தாவது துணி

"முள்ளு ஏறுதா மாமா?"

"அப்படியேதான் படுத்திருக்கு."

பழைய காருக்குள் உட்கார்ந்திருந்த அவள் மறுபடி சாவியைத் திருப்பினாள். ஸ்பார்க் பிளக்குகள் நான்கும் கழற்றியிருந்ததால் எஞ்சின் பற்றாமல் வெறுமனே சுற்றியது. ஆயில் கீழிருந்து ஏறி எல்லா இடுக்கிலும் பரவி, ஆயில் அழுத்தம் காட்டும் அந்தச் சின்ன முள் அசைய வேண்டும். அதற்கு முன் நெருப்பு கொடுத்தால் அண்ணனும் அவளும் பார்த்த இரண்டரை வருட வேலை இரண்டே நிமிடத்தில் உரசி நாசமாகிவிடும்.

ஷெட்டுக்கும் அண்ணன் படுத்திருந்த அறைக்கும் நடுவில் ஒரு ஜன்னல். அதைத் திறந்து வைத்து அண்ணி நின்றிருந்தாள்.

"இன்னும் எவ்ளோ நேரம்டி எலி?"

"இதோ அண்ணி. எப்படி இருக்கான்?"

"மூச்சு விட்டு விட்டு வருது."

காலையில் வந்த நர்ஸம்மா நாடி பார்த்துவிட்டு, அண்ணியை மட்டும் வாசலுக்குக் கூப்பிட்டுப் பேசினாள். இன்றைக்குத் தாண்டாது. அண்ணன் முழுசாகப் பேசிய கடைசி வாக்கியம் மூன்று நாளைக்கு முந்தையது. "சத்தம் கேட்டுட்டுப் போறேன்."

"ஏறுது! ஏய், ஏறுது!" மாமா கத்தினார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர், பரீட்சை ரிசல்ட் பார்ப்பவர்போல டேஷ்போர்டில் மூக்கை வைத்திருந்தார்.

பிளக்குகளை மாட்டினாள். ஒயர்களை வரிசை பார்த்துச் செருகினாள். டூல் பெட்டியை மூடப் போனவள் சுவரைப் பார்த்தாள். சாக்பீஸில் ஐந்து கோடுகள்.

அண்ணனுடைய பழக்கம் அது. திறந்து கிடக்கும் ஒவ்வொரு ஓட்டையிலும் தூசி போகாமல் துணி அடைப்பான். அடைத்ததும் சுவரில் ஒரு கோடு. எடுத்ததும் அதன்மேல் குறுக்கே ஒரு வெட்டு. நான்கு கோடுகள் வெட்டுப்பட்டிருந்தன. ஐந்தாவது நேராக நின்றது.

தரையில் கிடந்த துணிகளை எண்ணினாள். நான்கு.

"மாமா, ஒரு துணி உள்ள இருக்கு."

"எடுத்துட்டு வெட்டுப் போட மறந்திருப்பான்."

"அண்ணன் மறக்க மாட்டான்."

"அவன் இப்ப என்ன நிலைமைல இருக்கான்னு தெரியுதா உனக்கு? துணியாம் துணி! ஸ்டார்ட் பண்ணுடி!"

"எஞ்சின் அதை உள்ள இழுத்துட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்கதான லாரி ஓட்டினீங்க?"

மாமா டார்ச்சை எடுத்து நீட்டினார்.

ஆயில் ஊற்றும் வாய், சைலன்சர் குழாய், தண்ணீர்க் குழாய், பெட்ரோல் பம்ப் ஓரம். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். எங்கும் இல்லை. இன்னும் ஒரே ஒரு இடம்தான் பாக்கி. அதை மட்டும் அவள் பார்க்காமல் சுற்றிச் சுற்றி வந்தாள்.

கார்புரேட்டர். ஒன்றரை மாதத்துக்கு முன் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கை நடுங்க நடுங்க மாட்டியது. நான்கு நட்டுக்கு ஒரு மத்தியானம் முழுக்க எடுத்துக்கொண்டான். "இது என்னுது. நீ தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டு, எழுந்து நிற்க அவளுடைய தோளைத்தான் பிடித்தான். அவன் செய்த கடைசி வேலை அதுதான்.

"அவன்கிட்டயே கேளேன். தலையாவது ஆட்டுவான்" என்றார் மாமா.

ஜன்னல் வழியே அண்ணனின் பாதங்கள் தெரிந்தன. கேட்டால், தான் மறந்தது அவனுக்குத் தெரிந்துவிடும்.

"வேணாம்" என்றாள். ஸ்பேனரை எடுத்தாள்.

முதல் நட்டு. இரண்டாவது. மூன்றாவது நட்டைக் கழற்றும்போது அண்ணி கத்தினாள். "என்னடி இன்னும் கழட்டிட்டு இருக்க! கண்ணு சொருகுது!"

"ரெண்டு நிமிஷம் அண்ணி!"

நான்காவது நட்டு கைநழுவிக் கீழே விழுந்து உருண்டது. மாமா முட்டிபோட்டுத் தேடினார். அவள் கார்புரேட்டரைத் தூக்கி, அதன் அடியில் இருந்த ஓட்டைக்குள் கையை விட்டாள். எஞ்சின் இடுக்குகளில் அவள் கைதான் நுழையும். அதனால்தான் எலி. விரல் நுனியில் மெத்தென்று ஏதோ தட்டியது. ஸ்டார்ட்டர் சுற்றியதில் கொஞ்சம் உள்ளே இழுபட்டிருந்தது. இரண்டு விரலால் கவ்வி இழுத்தாள்.

நீலக் கட்டம் போட்ட துணி. அண்ணனுடைய பழைய சட்டை.

பேன்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு, கார்புரேட்டரைத் திரும்ப வைத்து, மாமா நீட்டிய நட்டையும் வாங்கி நான்கையும் முடுக்கினாள்.

சாவியைத் திருப்பினாள். இருமியது. இன்னொருமுறை. இருமி, புகை கக்கி, திடீரென்று பிடித்துக்கொண்டது. ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. மாமா "டேய்ய்!" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்.

அவள் ஆக்ஸிலேட்டரில் காலை வைத்து இரண்டாயிரம் சுற்றில் நிறுத்தினாள். இனி இருபது நிமிடம் கால் எடுக்கக் கூடாது. கேம்ஷாஃப்ட் புதுசு. நடுவில் அணைத்தாலோ, வேகம் இறங்கினாலோ தேய்ந்துவிடும். அண்ணன் இதைச் சாப்பிடும்போதெல்லாம் சொல்லி, "சோத்துலயாவது அந்த ஷாஃப்டைப் போடாதீங்க" என்று அண்ணியிடம் திட்டு வாங்கியிருக்கிறான்.

மாமா கைபேசியில் அலாரம் வைத்துவிட்டு, ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்கப் போனார். ஐந்து நிமிடம். எட்டு. ஜன்னலில் அண்ணி இல்லை. ஆயில் முள் ஆடாமல் நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதிமூன்றாவது நிமிடம் அண்ணி ஷெட் வாசலில் வந்து நின்றாள். புடவைத் தலைப்பு ஈரமாக இருந்தது. இல்லை என்பதுபோல் தலையை அசைத்தாள்.

மாமா பார்த்தார். கார் கதவின் வழியே சாவியை நோக்கிக் கையை விட்டார்.

"கை வைக்காதீங்க மாமா!" எஞ்சின் சத்தத்துக்கு மேல் அண்ணியின் குரல் கேட்டது. "இருபதுன்னா இருபது."

மாமா கையை எடுத்து, கதவில் சாய்ந்தார். ஆக்ஸிலேட்டரில் இருந்த கால் நழுவியது. வேக முள் லேசாக இறங்கியது. முட்டியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, முள்ளை மறுபடி ஏற்றி அங்கேயே வைத்தாள். இன்னும் ஏழு நிமிடம்.

அலாரம் அடித்தது. சாவியைத் திருப்பினாள். அந்த அமைதியில் தெருவில் போன சைக்கிள் சத்தம்கூடக் கேட்டது.

"மூணாவது சிலிண்டர்ல டக் டக்குனு கேக்குதாம்" என்றாள் அண்ணி. "டாப்பெட் லூசா இருக்காம். உன்கிட்ட சொல்லச் சொன்னாரு."

"எப்ப சொன்னான்?"

"ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல. வாயை என் காதுகிட்ட கொண்டு வான்னாரு. தப்பா சொல்லிட்டாரு. நான்தான் புரிஞ்சுக்கிட்டு குனிஞ்சு காதைக் குடுத்தேன்."

அவள் காரிலிருந்து இறங்கினாள். கால் மரத்திருந்தது. அண்ணி தோளைப் பிடித்துக்கொண்டாள். பாக்கெட்டிலிருந்து நீலக் கட்டத் துணியின் முனை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணி அதைப் பார்த்தாள். பிறகு சுவரில் வெட்டுப்படாமல் நின்ற ஐந்தாவது கோட்டைப் பார்த்தாள்.

வாசலில் யாரோ செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. அண்ணி கையை நீட்டி, துணியைப் பாக்கெட்டுக்குள் முழுசாகத் தள்ளிவிட்டாள்.