மணிக்கட்டு

அண்ணன் ஞானசேகரத்தின் அறைத் தாழ்ப்பாளை இராசமலர் வெளியிலிருந்து திறந்ததும், கூடத்தில் தாயின் உடலைச் சுற்றியிருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்தினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வசதியாகத் திரும்பி உட்கார்ந்தார்கள். பின்னே? ஞானசேகரம் கத்தப்போவதைப் பார்க்கத்தானே ஓர்ஸ் ஹில் சனத்தில் பாதி வந்திருந்தது!

போன மாதம் தொலைக்காட்சி நாடகத்தில் ஒருவன் அப்படிக் கத்தினான். பிறந்ததிலிருந்து வாய் பேசாதவன். எந்தத் தேதியைச் சொன்னாலும் கிழமையை எழுதிக் காட்டுவான். கடைசி நாள் தாயின் பாடையைக் கண்டதும் 'அம்மா' என்று கத்தி, மளமளவென்று பேசத் தொடங்கிவிட்டான். தெருவே அழுதது. வாய் பேசாத ஞானசேகரத்துக்குக் கொழும்பு டொக்டர் சொன்ன 'ஓட்டிசம்' என்ற பெயர் யார் வாயிலும் நிற்கவில்லை. அன்றிலிருந்து அவன் 'நாடகத்துப் பெடியன்'. முப்பத்திரண்டு வயசுப் பெடியன்! தேதி கேட்டுப் பிள்ளைகள் வேலிக்கு வந்தார்கள். பாவம், அவனுக்குக் கிழமையும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. ஏதும் வேண்டுமென்றால் தாயின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்ச் சோற்றுப் பானையிலோ தண்ணீர்க் குழாயிலோ வைப்பான். அவ்வளவுதான் அவன் கதை.

"உந்த நாடகத்தை எழுதினவர் இப்பிடி ஒரு பிள்ளைக்கு ஒருநாளும் சோறு தீத்தியிருக்கமாட்டார்" என்று தாய் கமலேஸ்வரி அப்போது சிரித்தாள்.

இராசமலர் சிரிக்கவில்லை. அவளுக்குக் கனடாவில் மாப்பிள்ளை. விசா அலுவலெல்லாம் சரி. அண்ணன் தாயோடு இருப்பான் என்பதுதான் ஏற்பாடு. நேற்றுக் காலை அந்தத் தாய் குசினியில் விழுந்தாள், எழும்பவில்லை. அண்ணனைத் தனியே விடவும் ஏலாது, கூட்டிப்போகவும் ஏலாது. பதினெட்டு வயதில் செக் பொயின்றில் ஆமி பெயர் கேட்டபோது பேசாமல் நின்று அடிவாங்கியவன், அதன்பிறகு கேற்றைத் தாண்டியதே இல்லை. அவன் வாய் திறந்தால் தான் போய்விடலாம் என்று அவளும் நாடகத்தைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள். வெட்கமாகத்தான் இருந்தது.

"கூட்டிக்கொண்டு வா பிள்ளை. தாயைக் கண்டால் கதைப்பான்" என்றார் தம்பிராசா மாமா. நாலு மணிக்குள் பிரேதம் செக் பொயின்றைத் தாண்டவேண்டும்.

"அண்ணா, அம்மாவைப் பாருங்கோ" என்றாள் மலர் மெதுவாக. "ஒருக்காக் கூப்பிடுங்கோ."

அவன் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தான். மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினான். கட்டைவிரல்களைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்ததால் இரண்டு கைகளும் ஒன்றாக எழும்பின. "இப்ப பாருங்கோ" என்றாள் ஒருத்தி. இன்னொருமுறை இழுத்துப் பார்த்தான். பிறகு இருந்தபடியே நெஞ்சில் வைத்துவிட்டான். ஒரு சத்தமும் இல்லை.

"கல்நெஞ்சன்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். மலருக்கு அழுகை வந்தது. தாய்க்கா, தனக்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போதுதான் அவன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தான். அவள் பிறந்து இருபத்தாறு வருடத்தில் ஒருநாளும் அவளைத் தொட்டதில்லை. அறைக்குள் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, அவள் கையை உள்தாழ்ப்பாளில் வைத்தான்.

வெளியே மாமா கத்தினார். "நேரம் போகுது பிள்ளை! கொள்ளியை நான் வைக்கிறன். நீ வந்து வாய்க்கரிசியைப் போடு."

கையை உதறிப் பார்த்தாள். பிடி நோகவில்லை, விடவும் இல்லை. தாழ்ப்பாளைப் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பறை முழங்கியது. அவன் ஒரு கையால் ஒரு காதைப் பொத்தினான். மற்றக் கை அவள் மணிக்கட்டில் இருந்தது. திறந்துகிடந்த காதை அவள் தன் மற்றக் கையால் பொத்தினாள்.