மூட்டமேடு

அன்றைக்கு அது மூன்றாவது நடை. வழிகாட்டிக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. பழங்காட்டுக்குள் ஆட்களைக் கூட்டிப்போய்த் தொல்லியல் தடங்களைக் காட்டும் வேலை. இரண்டு வருடமாகத் தற்காலிகம். நிரந்தரமாக்கலாமா என்று பார்க்கத்தான் கண்காணிப்பாளர் குறிப்பேட்டோடு பின்னால் வந்துகொண்டிருந்தார். போதாக்குறைக்கு, சொல்லாமல் கொள்ளாமல் அம்மாவும் சீட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"பட்டம் வாங்கினவ என்னதான் பேசுறான்னு பாக்க வேணாமா?"

எல்லைக் கரை, மரம் அறுத்த குழி எல்லாம் காட்டியாயிற்று. அடுத்தது, சரிவைச் செதுக்கி வட்டமாகச் சமன்படுத்திய திட்டு. பழைய வரைபடத்தில் அதன் பெயர் மூட்டமேடு. கண்காணிப்பாளர் எழுதிக்கொடுத்திருந்ததை மகள் ஒப்பித்தாள்: "எப்போதும் பனிமூட்டம் சூழ்ந்திருந்ததால்..."

"பனியா?" அம்மா களுக்கென்று சிரித்துவிட்டாள். "பனியில யாருக்குடி கை கருகும்?"

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. முப்பது வருடம் கரிமூட்டம் போட்ட கைகளை அம்மா சட்டென்று முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

அதுதான் மகளைச் சுட்டது. விறகை அடுக்கி, மண் பூசி, புகையவிட்டுக் கரி எடுத்த இடம் இது என்று வேலைக்கு வந்த முதல் நாளே அவளுக்குத் தெரியும். தெரிந்தே நூறு தடவை பனி என்று சொல்லியிருக்கிறாள்.

குதிகாலால் சருகை விலக்கினாள். மண் கன்னங்கரேலென்று கரித்துண்டுகளோடு வந்தது.

"இது கரிமூட்டம் போட்ட இடம். நான் இத்தனை நாளா தப்பாச் சொன்னேன். எங்கம்மா செஞ்ச வேலை இது. அவங்களையே கேளுங்க."

"தொல்லியல் இடத்தைக் காலால நோண்டுறியே, அறிவிருக்கா?" கண்காணிப்பாளர் பல்லைக் கடித்தார். "எழுதிக்கொடுத்ததப் பேசும்மா."

"எழுதினதே தப்பு சார்."

அவர் குறிப்பேட்டில் நெடுநேரம் எழுதினார். அதற்குள் கூட்டம் அம்மாவைச் சூழ்ந்துகொண்டது. எத்தனை நாள் புகையும் என்று ஒருவர் கேட்டார்.

"விறகைப் பொறுத்து. கண்ணசந்தா கரி இல்ல, சாம்பல்தான்." சொல்லச் சொல்லக் கைகள் தாமாக முன்னே வந்துவிட்டன.

கண்காணிப்பாளர் குறிப்பேட்டை மூடினார். "பாப்போம்." அந்தச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

திரும்பும் வழியில் அம்மா கிசுகிசுத்தாள். "உன் வேலைக்கு உலை வச்சிட்டேனாடி?"

"தண்ணி இருந்தா குடும்மா. இன்னும் ஒரு நடை பாக்கி இருக்கு."